கழுத்தில் சாம்பல் உள்ளது பெண் காகமா? அண்டங்காக்கையும் ரேவனும் ஒன்றா?

அமாவாசைக்கு மொட்டை மாடியில் சோறு வைத்தால் இரண்டு விதமான காக்கைகள் வருகின்றன, ஒன்றுக்குக் கழுத்து சாம்பல், இன்னொன்று முழுக் கறுப்பு. சாம்பல் உள்ளது பெண், கறுப்பு ஆண் என்கிறார் பாட்டி, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் இருக்கும் உங்கள் அண்ணன், அங்குள்ள பழைய கோட்டையில் (டவர் ஆஃப் லண்டன்) ரேவன் என்ற பெரிய கறுப்புப் பறவையைப் பார்த்ததாகவும் அது நம்ம ஊர் அண்டங்காக்காதான் என்றும், அங்கே பூங்காவில் நம்மூர் சாம்பல் கழுத்துக் காகமும் இருக்கிறது என்றும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கேள்வி ஒன்றுதான்: எல்லாமே கறுப்பாக இருக்கும்போது எதை வைத்து இது வேறு, அது வேறு என்று சொல்வது? இருபது வருடத்துக்கு மேலாகப் பறவை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதும் உண்டு. முதல் நாள் அவர்களுக்குக் காட்டுவது மயிலையோ மீன்கொத்தியையோ அல்ல, காக்கையைத்தான். அதனால் இந்தக் கேள்வியைக் கண்டதும் விரிவாகவே எழுதலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. அவை ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் அல்ல, இரண்டு தனித்தனி இனங்கள். சாம்பல் கழுத்து உள்ளது ஊர்க்காகம். வீட்டுக்காகம், மணிக்காக்கை என்றும் சொல்வார்கள். அறிவியல் பெயர் கார்வஸ் ஸ்பிளெண்டென்ஸ். முழுக் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. பாட்டி அப்படி நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சோற்றுக்கு வருகின்றன, ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிது. குயிலில் ஆண் கறுப்பு, பெண் புள்ளி போட்ட பழுப்பு என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதே கணக்கைக் காக்கைக்கும் போட்டிருக்கிறார். ஆனால் காக்கைகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆண் சராசரியில் சற்றுப் பெரியது என்பார்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதை வைத்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்கிறேன் என்பவர்களையும் நான் நம்புவதில்லை. வேண்டுமானால் நீங்களே சோதித்துப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் தெருவில் எந்த மரத்திலாவது ஊர்க்காகம் கூடு கட்டும். அரைமணி நேரம் நின்று பார்த்தால் சுள்ளியோ கம்பியோ கொண்டுவருவதும் சாம்பல் கழுத்து, கூட்டில் இருப்பதும் சாம்பல் கழுத்து என்று தெரிந்துவிடும். அண்டங்காக்கைக் கூட்டில் இரண்டுமே முழுக் கறுப்பு. பாட்டியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், மகிழ்வார். கேரளத்தில் அண்டங்காக்கையைப் பலிக்காக்கை என்றும் ஊர்க்காகத்தைப் பேனக்காக்கை என்றும் சொல்கிறார்கள். இரண்டையும் வேறு வேறாகப் பார்த்ததால்தான் இரண்டு பெயர்.

சரி, எப்படிப் பிரிப்பது? நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. முதலில் அலகு. அடுத்த முறை சோறு வைத்ததும் கதவுக்குப் பின்னால் நின்று பாருங்கள். எங்கள் மாடியில் நடப்பதைச் சொல்கிறேன். இலையை வைத்துவிட்டு ‘கா, கா’ என்று கூப்பிட்ட உடனே கைப்பிடிச் சுவரில் ஐந்தாறு ஊர்க்காகங்கள் இறங்கிவிடும். கழுத்தை நீட்டி, இரண்டு கவளம் வாயில் அடைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தத்தித் தத்திப் போகும். கொஞ்சம் கழித்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு அண்டங்காக்கை வந்து உட்காரும், உடனே இறங்காது. அது தலையைத் திருப்பும் நேரத்தில் அலகைப் பாருங்கள். அடியில் தடித்து, மேல் விளிம்பு வில்போல் வளைந்து, நுனியில் சட்டென்று கீழே இறங்கும். அலகு முடியும் இடத்தில் நெற்றி செங்குத்தாக எழும். இறகைச் சிலிர்த்துக்கொண்டால் உச்சந்தலை குடுமி வைத்தது போலத் தெரியும். ஊர்க்காகத்தின் அலகு மெலிந்தது, வளைவும் குறைவு. நெற்றி அலகிலிருந்து சரிவாகவே ஏறும். எங்கள் மாடிக்கு வரும் அண்டங்காக்கை அப்பளத்தைக் கால் விரலால் அழுத்திப் பிடித்து, அந்தத் தடித்த அலகால் ஒரே கொத்தில் இரண்டாக உடைக்கும். ஊர்க்காகமும் காலால் பிடிக்கும். ஆனால் மூன்று நான்கு கொத்து ஆகும். அண்டங்காக்கையின் அறிவியல் பெயர்களில் உள்ள குல்மினேட்டஸ் என்பது அலகின் மேல் முகட்டைக் குறிக்கிறது. இன்னொரு பெயரான மேக்ரோரிங்கோஸ் என்பதற்கே பெரிய அலகு என்றுதான் பொருள். பெயர் வைத்தவர்களும் முதலில் பார்த்தது அலகைத்தான்.

நிறம் ஏன் நம்பிக்கையானது இல்லை என்று கேட்பீர்கள். வெயில் பறவைக்குப் பின்னாலிருந்து வந்தால் எந்தக் காகமும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். மழையில் நனைந்தாலும் அப்படித்தான். அதற்கு மேல் ஒரு காரணம் இருக்கிறது. ஊர்க்காகத்தின் சாம்பல் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. வடமேற்கு இந்தியா, பாகிஸ்தான் பக்கத்து வறண்ட ஊர்களில் உள்ளவற்றுக்குக் கழுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வெளுத்திருக்கும். தெற்கே வர வர அடர்த்தியாகும். தென்னிந்தியாவின் கோடியிலும் இலங்கையிலும் நல்ல அடர்ந்த சாம்பல். மியன்மாரில் இருப்பதற்குக் கழுத்துப் பட்டையே இல்லை என்று சொல்லிவிடலாம், அவ்வளவு கறுப்பு. இவை எல்லாமே ஒரே இனம்தான். வயதும் குழப்பும். கூட்டை விட்டு வந்து சில வாரமே ஆன குஞ்சுக்கு மினுமினுப்பு இருக்காது, சாம்பலுக்கும் கறுப்புக்கும் நடுவே எல்லை சரியாகத் தெரியாது. அதன் வாயின் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்கும். வளர்ந்த காகத்துக்குக் கறுத்துவிடும். இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு வாயைத் திறந்து ஊட்டச் சொல்லிக் கெஞ்சினால் அது குஞ்சு. பிறகு, இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் காலத்தில் பழைய இறகெல்லாம் வெளுத்துப் பழுப்பாகத் தெரியும். ‘பழுப்பு நிறக் காகம் பார்த்தேன், புது இனமா?’ என்று எனக்கு வந்த படங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவைதான். நிறமிக் குறையால் அங்கங்கே வெள்ளை இறகு முளைத்த காகங்களும் அவ்வப்போது தென்படும், அவையும் தனி இனம் இல்லை.

குரலை நான் அலகுக்கு அடுத்தபடியாக நம்புவேன். ஊர்க்காகம் கரைவது கொஞ்சம் மூக்கால் பேசுவது போல, தட்டையாக, நீளாமல் நிற்கும். அண்டங்காக்கையின் குரல் தொண்டைக்குள்ளிருந்து வரும்; கட்டை, கரகரப்பு, ‘க்ராஆ’ என்று இழுக்கும். ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டால் போதும், அப்புறம் படுக்கையில் இருந்தபடியே எது என்று சொல்லிவிடுவீர்கள். ஆனால் இரண்டுமே விதவிதமாக ஒலி எழுப்பக்கூடியவை. துணையோடு நெருங்கி உட்கார்ந்து மெல்ல முனகும், தொண்டையில் கடகடவென்று உருட்டும். தனியாக வரும் ஒரு விசித்திர ஒலியை மட்டும் கேட்டு நான் முடிவு கட்டமாட்டேன்.

இடமும் உதவும். ஊர்க்காகம் மனிதரை விட்டு வாழ்வதாக எங்கும் அறியப்படவில்லை. சந்தை, மீன்பிடித் துறை, குப்பைமேடு, டீக்கடை என்று நம்மைச் சுற்றியே இருக்கும். அண்டங்காக்கை ஊரிலும் இருக்கும், ஊரே இல்லாத காட்டிலும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்காவது காட்டு வழியில் நடக்கும்போது தலைக்கு மேல் காகம் கரைந்தால் அது அண்டங்காக்கையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். புலியோ சிறுத்தையோ அடித்துப் போட்ட இரையை, மேலே கூடிக் கரையும் அண்டங்காக்கைகளை வைத்தே காட்டுவாசிகள் கண்டுபிடிப்பார்கள். மலை ஊர்களுக்குப் பேருந்தும் கடையும் போன வழியில் ஊர்க்காகமும் ஏறிப் போயிருக்கிறது. அதனால் இடம் ஒரு துப்புதான், தீர்ப்பு இல்லை.

இப்படி மனிதரோடு ஒட்டிக்கொண்டதால் ஊர்க்காகம் கடலும் தாண்டியிருக்கிறது. 1890களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவுக்குக் கழிவு தின்னவென்றும், ஏறக்குறைய அதே காலத்தில் மலாயாவின் கிள்ளானுக்கு இலங்கையிலிருந்து காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னவென்றும் மனிதர்களே கொண்டுபோய் விட்டார்கள். கப்பலில் தானாக ஏறிப் போனவையும் உண்டு. 1994இல் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்துத் துறைமுகத்தில் இரண்டு வந்து இறங்கின. போன இடத்தில் அந்த ஊர்ப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகியதால், கென்யாவின் வனவிலங்குத் துறை 2024இல் பத்து லட்சம் ஊர்க்காகங்களை ஒழிக்கத் திட்டம் அறிவித்தது. கென்யாவின் மொம்பாசாவிலோ கிள்ளானிலோ சாம்பல் கழுத்துக் காகத்தைப் பார்த்தால் அது நம் ஊர்க்காகமேதான். லண்டனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்தது ரேவன். அண்டங்காக்கையும் ரேவனும் ஒன்றல்ல, இதுவும் உறுதி. ரேவன் என்பது கார்வஸ் கோராக்ஸ் என்ற தனி இனம். ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா என்று வடக்கே பெரும்பரப்பில் வாழ்வது, தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ கிடையாது. இங்கே இல்லாத பறவைக்குத் தமிழில் தனிப்பெயர் எப்படி இருக்கும்? ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்த்தவர்கள் கைக்குக் கிடைத்த பெரிய கறுப்புக் காகத்தின் பெயரை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். சிலர் வெறும் காகம் என்றே எழுதினார்கள். கதை படிக்க அது போதும். பறவை பார்க்கும்போது அதனால் குழப்பம் வருகிறது. ஊர்க்காகம் அலகிலிருந்து வால்வரை ஏறக்குறைய 40 சென்டிமீட்டர், எடை 300 கிராம் சொச்சம். நம் அண்டங்காக்கை அதைவிடக் கையகலம் நீளம். ரேவன் 60 சென்டிமீட்டரையும் தாண்டும், எடை ஒரு கிலோவுக்கு மேல் போகும். ஆனால் தனியாக வானத்தில் இருக்கும் பறவையின் அளவைக் கண்ணால் அளக்க முடியாது. ரேவனுக்கு நான் பார்ப்பது வால். பறக்கும்போது வால் விரியும் அல்லவா, அப்போது நடு இறகுகள் நீண்டு, ஓரம் போகப் போகக் குறைந்து, ஆப்பு போல நிற்கும். ஊர்க்காகத்துக்கும் நம் அண்டங்காக்கைக்கும் வால் விசிறி மாதிரி வட்டமாக முடியும். இரண்டாவது, தொண்டையில் நீண்ட கூர்மையான இறகுகள் தாடி போலத் தொங்கும், கரையும்போது சிலிர்த்து நிற்கும். மூன்றாவது குரல்: ‘ப்ருக், ப்ருக்’ என்று குடத்துக்குள்ளிருந்து வருவது போல ஆழமானது. காற்றில் பருந்து போல மிதக்கும், விளையாட்டாகப் பறந்தபடியே ஒருமுறை மல்லாந்து திரும்பும்.

இந்தியாவில் ரேவன் பார்க்க வேண்டுமானால் ராஜஸ்தானின் பீகானேர், ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலை நிலத்துக்கோ, லடாக், ஸ்பித்தி போன்ற உயர்ந்த வறண்ட மலைகளுக்கோ போக வேண்டும். இதில் நானே தவறியிருக்கிறேன். முதன்முறை இமாச்சலம் போனபோது மணாலியில் ஒரு பெரிய காகத்தைப் பார்த்து, வால் கொஞ்சம் ஆப்பாகத் தெரிந்ததும் குறிப்பேட்டில் ‘ரேவன்’ என்று எழுதிவிட்டேன். இமயமலைச் சரிவில் உள்ள அண்டங்காக்கை நம்மூரில் உள்ளதைவிடப் பெரியது, வாலும் நீளம், முனை சற்று ஆப்பாகவே தெரியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான்கு நாள் கழித்து ஸ்பித்தியில் ஒரு பாறை முகட்டிலிருந்து அந்தக் குடத்துக் குரலைக் கேட்ட பிறகுதான், மணாலியில் கேட்டது வெறும் கரகரத்த ‘க்ராஆ’ என்று நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரியே குறிப்பை அடித்துத் திருத்தினேன். அன்றிலிருந்து வாலும் குரலும் இரண்டும் பொருந்தாமல் ரேவன் என்று எழுதுவதில்லை.

இப்போது அண்ணனின் லண்டனுக்கு. லண்டன் கோட்டையில் அவர் பார்த்தது ரேவன்தான், சந்தேகமே வேண்டாம். அங்கே குறைந்தது ஆறு ரேவன்களாவது இருக்க வேண்டும் என்ற மரபுப்படி அவற்றை வளர்க்கிறார்கள். பூங்காவில் பார்த்த சாம்பல் கழுத்துக்காரன் நம் ஊர்க்காகம் இல்லை, ஜாக்டா என்கிற வேறு பறவை. காக்கைக் குடும்பம்தான், ஆனால் 34 சென்டிமீட்டர் அளவே இருக்கும், அலகு குட்டை, சாம்பல் பிடரியில்தான் அதிகம். கண்ணைப் பார்த்தால் உடனே தெரியும், வெளிறிய வெள்ளைக் கண். நம் காகத்துக்குக் கருங்கண். ‘ஜாக், ஜாக்’ என்று அது கூப்பிடும். லண்டன் தெருக்களில் அன்றாடம் தென்படும் முழுக் கறுப்புக் காகம் கேரியன் க்ரோ. நகரை விட்டு வயல்வெளிப் பக்கம் போனால் ரூக் இருக்கும், அலகைச் சுற்றி இறகில்லாமல் முகம் வெளுத்திருப்பதால் வளர்ந்த ரூக்கை அடையாளம் காண்பது எளிது. ஸ்காட்லாந்து, அயர்லாந்து போனால் கறுப்புத் தலையும் சாம்பல் உடலுமாக ஹூடட் க்ரோ. இந்த ஹூடட் க்ரோவும் கேரியன் க்ரோவும் கண்ணுக்கு இவ்வளவு வேறாக இருந்தும், 2014இல் வெளிவந்த மரபணு ஆய்வு இரண்டுக்கும் வேறுபாடு மரபணுத் தொகுப்பின் மிகச் சிறு பகுதியில்தான் இருக்கிறது என்று காட்டியது. இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவின் கிழக்குக் கரையில். அங்கே அமெரிக்கன் க்ரோ, ஃபிஷ் க்ரோ என்று இரண்டு தனி இனங்கள்; பார்வைக்கு ஒன்றேபோல முழுக் கறுப்பு. அங்குள்ள தேர்ந்த பறவை நோக்கர்களும் அது வாய் திறக்கும்வரை காத்திருப்பார்கள்.

சந்தேகமான இடங்களும் உண்டு. அண்டங்காக்கை என்று நாம் சொல்வது ஒரே இனமா, பல இனமா என்பதில் அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முக்கியமாகக் குரல் வேறுபாட்டை வைத்து, தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதை கார்வஸ் குல்மினேட்டஸ் என்று தனி இனமாகச் சிலர் பிரிக்கிறார்கள். வேறு சில பட்டியல்களில் இமயம், கிழக்காசியா வரை உள்ள எல்லாமே கார்வஸ் மேக்ரோரிங்கோஸ் என்ற ஒரே இனம். உங்கள் கைப்பேசிச் செயலி ஒரு பெயரும் புத்தகம் இன்னொரு பெயரும் காட்டினால் இரண்டுமே தப்பில்லை. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ நின்று பார்க்கிறவருக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை, இருப்பது ஒன்றுதான். ஊர்க்காகமும் அண்டங்காக்கையும் கலந்து பிறந்தது என்று சொல்லி எனக்குக் காட்டப்பட்ட பறவைகளில், பார்த்தவரை எல்லாமே சாம்பல் சரியாகத் தெளியாத ஊர்க்காகக் குஞ்சுகள்தான். அப்படிக் கலப்பே நடக்காது என்று இதை வைத்து நான் சொல்லமாட்டேன், நான் பார்த்ததில்லை என்பது மட்டும்தான்.

காக்கை அல்லாதவற்றையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். ஆண் குயில் கறுப்புதான். ஆனால் சிவந்த கண், வெளிர்பச்சை அலகு, நீண்ட வால். காகம் ஒன்று உடம்பெல்லாம் புள்ளி போட்ட குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தால், அது காகக் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சு. நீர்க்காகத்துக்குப் பெயரில் மட்டும்தான் காகம், செம்போத்து குயில் குடும்பம். மாறாக, செம்பழுப்பு உடம்பும் நீண்ட வாலுமாக இருக்கும் வால்காக்கை உண்மையிலேயே காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கடைசியாக, அண்ணன் அனுப்பியதாக நீங்கள் இணைத்திருக்கும் படம். கூரை முகட்டில் உட்கார்ந்த கறுப்புப் பறவை, பின்னால் வெள்ளை வானம். வால் புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, தொண்டை தெரியவில்லை, பக்கத்தில் அளவு ஒப்பிட ஒரு புறாகூட இல்லை. அலகு தடிமனாகத்தான் தெரிகிறது, ஆனால் எதிர் வெளிச்சத்தில் விளிம்பு பரவித் தெரிவதும் அப்படியே இருக்கும். லண்டன் குடியிருப்புக் கூரை என்பதால் கேரியன் க்ரோ என்று ஊகிக்கிறேன், இந்தப் படத்தை மட்டும் வைத்து அதற்கு மேல் போக மாட்டேன். அது அதே கூரைக்கு மறுபடி வந்தால், பறந்து எழும்போது ஒரு படமும் பத்து விநாடிக்குக் குரலும் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். வால் வட்டமா, ஆப்பா என்பது தெரிந்துவிட்டால் மீதியைப் பார்த்துச் சொல்கிறேன்.